நான் எழுதிக் கொடுத்த சாவு

1

நான் செத்துப்போன செய்தியை எனக்கு முதல்முதலாச் சொன்னவள் மரி-ஃப்ளோர். ஹெயிற்றிக்காரி. மொன்றியலில, லாசால் பக்கத்து ஃபக்ரறி ஒண்டில நாங்கள் ரெண்டு பேரும் ஒரே பெல்ற்றில நிண்டு உறைஞ்ச பேஸ்ற்றிகளைப் பெட்டியில அடுக்கிறனாங்கள். பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு நேரம். நான் புட்டையும் கத்தரிக்காய்க் குழம்பையும் சூடாக்கிக்கொண்டு வந்து இருந்தன். அவள் தன்ர போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பவும் போனைப் பார்த்தாள். அவள் என்னைக் கூப்பிடுறது ‘மூசியே’ எண்டு, பிரெஞ்சில ‘ஐயா’.

“மூசியே, நீ நெடுகச் சொல்லுற அந்த மகள், ராப் பாடுறவள், இவள்தானே?”

படத்தைப் பார்த்தன். என்ர பிள்ளைதான். “ஓம், அவளேதான்” எண்டன். நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்திருக்கும்.

“அப்ப நீ எப்ப செத்தனீ?”

போனைப் பறிச்சுப் பார்த்தன். இன்டர்நெற்றில எல்லாரும் சேர்ந்து எழுதுற தகவல் பக்கம் ஒண்டு இருக்கெல்லே, அதில என்ர மகளைப் பற்றி எழுதிக் கிடக்கு. ‘ஆரம்ப வாழ்க்கையும் இசைத்துறைக்கு வந்ததும்’ எண்டு ஒரு தலைப்பு. கீழ மூண்டே மூண்டு வரி. அமெரிக்க ராப் பாடகி, பஃபலோ நகரில் பிறந்தவர். சிறுவயதில் இலங்கைப் போரில் தந்தையை இழந்தவர். மொன்றியலில் தாயாரால் வளர்க்கப்பட்டவர்.

மனுசி வளர்க்கேல்லை எண்டு நான் எங்க சொன்னனான்? வளர்த்தவதான். ஆனா முழங்கால் அளவு பனிக்குள்ள அவளைத் தோளில போட்டுக்கொண்டு கார்டெரிக்கு, அதுதான் குழந்தைகள் காப்பகத்துக்கு, ஓடினது ஆர்? காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரியில ஒன்பது மணித்தியாலம் கதிரையில குந்தியிருந்தது ஆர்? எனக்குப் புட்டு இறங்கேல்லை. மரி-ஃப்ளோர் பாவம், தன்ர வாழைப்பழத்தில பாதியை எனக்குத் தந்தாள். செத்தவனுக்குப் படைச்சது மாதிரி.

2

மகளின்ர மேடைப் பெயரை நான் இஞ்ச எழுதமாட்டன். வீட்டில வைச்ச பெயர் ஆரணி. அவள் இப்ப பிலடெல்பியாவில இருக்கிறாள். மூண்டு வருசமாய் வீட்டுப் பக்கம் வரேல்லை. ரொறன்ரோவுக்கு வந்து பாடிப்போட்டு அப்பிடியே திரும்பினவள். அடுத்த மாசம் டவுன்டவுனில ஒரு அரங்கில பாட வாறாள். ‘வீட்டுக்கு வருவியோ பிள்ளை’ எண்டு மனுசி கேட்டதுக்கு ‘பாப்பம்’ எண்டு மட்டும் சொன்னவள். நாங்கள் இருக்கிற வில்லரேப் பகுதி மெற்றோ வாசலில அவளின்ர போஸ்ரர் ஒட்டிக் கிடக்கு. வேலைக்குப் போகேக்க ஒருக்கா, வரேக்க ஒருக்கா பார்ப்பன். பக்கத்தில நிக்கிறவனுக்கு ‘இது என்ர மகள்’ எண்டு சொல்ல வாய் உன்னும். இப்ப சொன்னால் அவன் போனைத் தட்டிப் பார்த்துப்போட்டு என்னைப் பொய்யன் எண்டெல்லோ நினைப்பான்?

அண்டைக்கு வேலையால வந்து சப்பாத்தும் கழட்டாமல் மனுசிக்கு வாசிச்சுக் காட்டினன். அவ வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்டவ, “அப்ப இவ்வளவு நாளும் நான் ஆருக்குச் சோறு போட்டனான்?”

பகிடி விடுறாவாம்! எனக்கெண்டால் இருப்புக் கொள்ளேல்லை. ஆரும் திருத்தலாம் எண்டு அந்தப் பக்கத்திலயே போட்டிருக்கு. திருத்தினன். ‘தந்தையை இழந்தவர்’ எண்ட வரியை அழிச்சன். ஒரு தேத்தண்ணி குடிச்சு முடியேல்லை, ஆரோ ஒருத்தன் அதைத் திரும்பப் போட்டிட்டான். நான் விடுவனோ? ‘தந்தை உயிருடன் வில்லரேயில் வசிக்கிறார்’ எண்டு எழுதினன். அதையும் தூக்கிப்போட்டு எனக்கொரு மடல் எழுதினான். வலு மரியாதையான மடல். இந்தத் தகவலுக்கு ஆதாரம் தேவையாம்.

நான்தான் ஐயா அந்தத் தகப்பன், உயிரோடதான் இருக்கிறன் எண்டு எழுதினன். அதைத் தங்களால சரிபார்க்க ஏலாதாம். கியூபெக் சுகாதார அட்டையைப் படமெடுத்து அனுப்பினன். நன்றியாம். ஆனால் தனிப்பட்ட அட்டைகள் செல்லாதாம், எங்கயாவது அச்சில வந்திருக்க வேணுமாம். நான் சாகேல்லை எண்டு ஒரு பேப்பர்காரன் எழுதினால்தான் நான் சாகேல்லை!

இந்த நாட்டில நான் முதல் படியேறின அகதிக் கந்தோரும் இப்பிடித்தான். திரும்பிப் போனால் நான் செத்துப்போவன் எண்டதுக்கு ஆதாரம் கேட்டவை. அப்ப ஒரு கட்டுக் கடதாசி கொண்டுபோய் வைச்சனான். அதையாவது நம்பிச்சினம்.

3

அவள் அமெரிக்கக்காரி ஆனதே ஒரு விபத்து. ஊரை விட்டு வெளிக்கிட்டு, எங்கெங்கயோ அலைஞ்சு, நானும் மனுசியும் பஃபலோவில ஒரு தேவாலயக்காரரின்ர விடுதியில கனடாக்காரர் கூப்பிடுமட்டும் காத்துக்கொண்டு கிடந்தனாங்கள். மனுசிக்கு நிறைமாசம். வியாழக்கிழமை எல்லையில நேர்முகம். பிள்ளை அதுவரைக்கும் பொறுக்கேல்லை, திங்கட்கிழமையே பிறந்திட்டாள். மூண்டு நாள் பொறுத்திருந்தால் இண்டைக்கு அவளைக் கனடாப் பாடகி எண்டெல்லோ எழுதியிருப்பாங்கள்!

எல்லையில இருந்த அதிகாரிக்குத் தலை சுத்திப்போச்சு. தாயும் தகப்பனும் அகதி, மடியில கிடக்கிற மூண்டு நாள் குஞ்சு அமெரிக்கப் பிரஜை. இவவுக்கு ஏன் அடைக்கலம், இவ ஓடி வந்தது அமெரிக்காவிலயிருந்தெல்லோ எண்டு கேட்டார். மனுசி ஒண்டும் விளங்காமல் பிள்ளையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டா, பறிக்கப் போறாங்கள் எண்டு.

பேந்து எங்களுக்கும் குடியுரிமை கிடைச்சு, நியூஜேர்சியில இருக்கிற மச்சானிட்டைப் போய்வரத் தொடங்கினம். ஒவ்வொரு முறையும் எல்லையில எங்களை உள்ள கூப்பிடுவினம். அவளுக்குப் பிரச்சினையில்லை, அமெரிக்கப் பாஸ்போட். ஆறு வயசில ஒருக்கா அந்த எல்லைக் கந்தோர் வாங்கில இருந்து காலை ஆட்டிக்கொண்டு கேட்டாள், “அப்பா, நீங்கள் என்ன குழப்படி செய்தனீங்கள்?”

பத்தொன்பது வயசில ஒரு பையோட வாசலில நிண்டு, “நான் என்ர நாட்டுக்குப் போறன்” எண்டாள். என்ர நாடு எண்ட அந்தச் சொல்லு இண்டைக்கும் எனக்குக் குத்தும். பெத்தது நாங்கள், நாடு மட்டும் அவளுக்கு வேறயாம்.

4

ராப் எண்டால் என்னெண்டு எனக்குத் தெரியாது எண்டு கனபேர் நினைக்கினம். அவளுக்கு அதைத் தொடக்கி வைச்சதே நான்தான், கேட்டால் சிரிப்பீங்கள். பேச்சுப்போட்டி!

புலம்பெயர்ந்த எங்கட ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஊரில இருக்கிறவைக்குச் சொல்லுறன். இஞ்ச பிள்ளைகளுக்குத் தமிழ் வராது. ஆனால் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பேச்சுப்போட்டியில எல்லாப் பிள்ளையும் முழங்கும். எப்பிடி? தகப்பன் தமிழில எழுதுவான், தாய் அதைப் பிரெஞ்சு எழுத்தில மாத்தி எழுதுவா, பிள்ளை பொருள் தெரியாமல் பாடமாக்கும். எங்கட வீட்டிலயும் அதே கூத்துத்தான். ஆரணி சாப்பாட்டு மேசையைச் சுத்திச் சுத்தி நடந்து சொல்லுவாள். நான் கரண்டியால மேசையில தட்டித் தாளம் குடுப்பன். மூச்சு எடுக்கிற இடத்தில சிவப்புப் பேனையால கோடு போட்டிருப்பன். கோட்டைத் தாண்டி மூச்சு விட்டால் முதல்லயிருந்து தொடங்க வேணும்.

அவளுக்குப் பத்து வயசு நடக்கேக்க பாத்திரம் ஏற்றுப் பேசுற போட்டி வைச்சினம். ஆராவது ஒரு ஆளாய் நிண்டு பேச வேணும். எல்லாரும் அரசன், புலவர், விவசாயி எண்டு எழுதிக் குடுத்தினம். உதெல்லாம் ஆர் கேப்பினம்? நான் ஆரணியைப் போரில தகப்பனை இழந்த பிள்ளையாய் நிப்பாட்டினன். அந்த நேரம் ஊரில சண்டை உச்சம். ரீவியைப் போட்டால் அழுகைதான். இப்பவும் எனக்கு அந்தப் பேச்சு வரி வரியாய் ஞாபகம் இருக்கு.

“அவையோரே! எனக்கும் ஓர் அப்பா இருந்தார். எறிகணை விழுந்த அன்று நாங்கள் ஓடினோம். பாதி வழியில் நான் என் வெள்ளைச் சப்பாத்தைக் கேட்டு அழுதேன். இரு மகளே, எடுத்து வருகிறேன் என்று திரும்பிப் போனார். வருகிறார்… வருகிறார்… இன்றைக்கும் வந்துகொண்டே இருக்கிறார்!”

ரெண்டாவது ‘வருகிறார்’ சொல்லேக்க வாசலைத் திரும்பிப் பார்க்க வேணும் எண்டு பழக்கியிருந்தன். பார்த்தாள். மண்டபமே வாசலைத் திரும்பிப் பார்த்தது! நடுவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். சனம் விம்மி விம்மி அழுதது. இத்தனைக்கும் தகப்பன் நான் மேடைக்குப் பக்கத்தில மலை மாதிரி நிக்கிறன் எண்டு எல்லாருக்கும் தெரியும். முதல் பரிசு. ஒரு முழ உயரக் கப். அவளுக்குப் பிறகு ஜெனிற்றா எண்டு ஒரு பிள்ளை பேசினது. மன்னாரிலயிருந்து தாயோட வந்து ஒரு வருசம் ஆகேல்லை. தாய் எமில்டாக்காவுக்குச் சனிக்கிழமையும் ஹோட்டலில அறை துப்புரவாக்கிற வேலை, அதால அந்தப் பிள்ளையையும் நான்தான் என்ர காரில ஏத்தி இறக்கிறனான். ஆசிரியர் எழுதிக் குடுத்ததைப் பாடமாக்கி, ஒரு தோட்டக்காரனாய் நிண்டு, மரங்களை வளர்ப்போம் எண்டு பேசினது. மூண்டாம் பரிசு.

நான் அதோட விட்டிருக்கலாம். விடேல்லை. அந்தப் பேச்சைப் பிரெஞ்சில மாத்துவிச்சு, வெள்ளைக்காரர் வந்திருந்த ஒரு கூட்டத்தில ஆரணியைப் பேசவிட்டன். எங்கட சனத்தின்ர கஷ்டம் அவைக்கும் விளங்கட்டும் எண்டுதான். உண்மையாய் அதுக்குத்தான். ஆனால் இது பாத்திரப் பேச்சு எண்டு ஒருத்தரும் மைக்கில சொல்லேல்லை. நானும் சொல்லேல்லை. ஒரு வயதுபோன வெள்ளைக்கார மனுசி மேடைக்கு வந்து பிள்ளையைக் கட்டிப்பிடிச்சு அழுதவ. ஆரணி அந்தக் கைகளுக்குள்ளயிருந்து என்னை எட்டிப் பார்த்தாள். நான் கண்ணால ‘சும்மா இரு’ எண்டு காட்டினன். அதை ஒருத்தர் வீடியோ எடுத்தவர். இப்பவும் அது இன்டர்நெற்றில கிடக்கு.

5

பதினாலு வயசில தமிழ்ப் பள்ளிக்கூடம் வேண்டாம் எண்டு நிண்டிட்டாள். பதினாறில வில்லரேப் பூங்காவில பொடியங்களோட நிண்டு பிரெஞ்சிலயும் இங்கிலீஷிலயும் கொட்டித் தள்ளினாள். என்னடி உந்தப் பிசத்தல் எண்டு ஏசினனான். பத்தொன்பதில போனவள் முதல்ல நியூயோர்க்கில ஒரு டோனற் கடையில விடியக்காலமை வேலை. பின்னேரங்களில நிலக்கீழ் மண்டபங்களில ஆளுக்கு ரெண்டு நிமிசம் மைக் குடுப்பாங்களாம், அதுக்கு வரிசையில நிப்பாளாம். நீண்ட வரியை ஒரே மூச்சில சொல்லுறாள், எங்க மூச்சு எடுக்கிறாள் எண்டே தெரியேல்லை எண்டு அங்க எல்லாருக்கும் ஆச்சரியமாம். எனக்குத் தெரியும் எங்க எடுக்கிறாள் எண்டு!

பிறகு ஒரு பாட்டு விட்டாள். அதுதான் அவளைத் தூக்கிவிட்டது. பாட்டின்ர பெயர் இங்கிலீஷில ‘முதல் பரிசு’. தொடக்கத்தில மண்டபத்தில சனம் அழுற சத்தம், பேந்து கைதட்டல், பேந்து அவளின்ர குரல். அந்தக் கைதட்டல் எந்த மண்டபத்துக் கைதட்டல் எண்டு எனக்கு உடனே தெரிஞ்சு போச்சு. எப்பிடியிருக்கும் எனக்கு? பிள்ளை மறக்கேல்லை பார் எண்டு மனுசியைக் கூப்பிட்டுக் காட்டினன். மளிகைக் கடையில, கோயிலில, ஃபக்ரறியில, போற வாற இடமெல்லாம் போனில போட்டுக் காட்டினன். அவள் கக்கிற வேகத்தில இங்கிலீஷ் எனக்குப் பத்துச் சொல்லில ஒண்டுதான் பிடிபடும். பிடிபட்ட அந்த ஒண்டு காணும் எண்டு இருந்திட்டன்.

6

தகவல் பக்கத்துக்காரனோட சண்டை பிடிச்சு அலுத்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆரணிக்கே போன் எடுத்தன். எங்கட கதை வழமையாய் ரெண்டு நிமிசம். சுகமோ, சாப்பிட்டியோ, குளிரோ. அண்டைக்கு நேரடியாய்க் கேட்டன்.

“நான் செத்திட்டன் எண்டு எழுதியிருக்கிறாங்கள். நீ பார்க்கேல்லையோ?”

“பார்த்தனான் அப்பா. அது ரெண்டு வருசமா இருக்கு.”

“ரெண்டு வருசமாயோ! தெரிஞ்சுகொண்டு ஏன் பேசாமல் இருந்தனீ?”

“பிழை எண்டு சொன்னா, அப்ப அந்த வீடியோவில ஏன் பொய் சொன்னனீ எண்டு கேப்பினம். பத்து வயசில நான் பொய் சொல்லேல்லை, எழுதித் தந்தது எங்கட அப்பா எண்டு நான் சொல்லோணும். சொல்லவா?”

எனக்குச் சுருக்கெண்டது. “நாடகம் மாதிரித்தானே பிள்ளை. ஆருக்கு என்ன நட்டம்?” எண்டன்.

பிறகு கேட்டாள், “‘முதல் பரிசு’ பாட்டைக் கேட்டீங்களா?”

“கேக்காமல்? ஊரெல்லாம் போட்டுக் காட்டினனான்.”

“அதில என்ன சொல்லியிருக்கு?”

“உன்ர பேச்சுப்போட்டியைப் பற்றித்தானே” எண்டு இழுத்தன். அவள் தனக்குத் தெரிஞ்ச தமிழில, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். “ஆற்றையோ அப்பாவுக்கு நான் அழுதன். ஆற்றையோ சப்பாத்துக்கு நான் கப் வாங்கினன். அவள் மரம் நடுங்கோ எண்டு சொன்னாள். அவளுக்கு மூண்டாம் இடம்.” பிறகு கேட்டாள், “அப்பா, அந்தச் சப்பாத்து எங்கயிருந்து வந்தது?”

சத்தியமாய்ச் சொல்லுறன், அந்த நிமிசம் வரைக்கும் அதை நானே கற்பனை பண்ணினது எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தன். அவள் கேட்ட உடன கார் ஞாபகம் வந்தது. ஒரு சனிக்கிழமை ஆரணிக்குக் காய்ச்சல், ஜெனிற்றாவை மட்டும் ஏத்திக்கொண்டு போறன். பின் சீற்றிலயிருந்து அந்தப் பிள்ளை தானாய்க் கதைச்சது. தான் சப்பாத்து வேணும் எண்டு அழுததாலதான் அப்பா திரும்பிப் போனவர் எண்டு. அம்மாவுக்குச் சொல்லிப் போடாதேங்கோ அங்கிள் எண்டு. நான் சிவப்பு லைற்றில நிண்டுகொண்டு ‘சொல்லமாட்டன் குஞ்சு’ எண்டனான். சொல்லேல்லைத்தான். எழுதினன். மனுசி பிரெஞ்சு எழுத்தில மாத்தேக்க, இது உண்மையில நடந்ததோ எண்டு கேட்டவ. ஆருக்குத் தெரியப் போகுது, நீ எழுது எண்டனான்.

“ஜெனிற்றா அதுக்குப் பிறகு என்னோட கதைக்கேல்லை” எண்டாள் ஆரணி. “ஏன் எண்டு எனக்கு அப்ப விளங்கேல்லை, அது நீங்கள் சும்மா எழுதின கதை எண்டு நினைச்சனான். பதினாலு வயசில வீடியோவைத் திரும்பப் பார்க்கேக்கதான், அது அப்பா இல்லாத அவளின்ர கதையாய் இருக்கும் எண்டு விளங்கினது. நான் அவளிட்ட ரெண்டு தரம் போனனான், கதவு திறக்கேல்லை. நீங்கள் போங்கோ. போயிட்டு வந்து என்னோட கதையுங்கோ.”

போன் கட்டாகிப் போச்சு. நான் உயிரோட இருக்கிறனோ இல்லையோ எண்ட கதையை அவள் எடுக்கவே இல்லை.

7

அடுத்த சனிக்கிழமை போனன். அந்த ஒரு கிழமையும் நான் ஒழுங்காய்ச் சாப்பிடேல்லை, மரி-ஃப்ளோரைக் கேட்டால் சொல்லுவாள். எமில்டாக்காவும் ஜெனிற்றாவும் லாசாலிலதான் இருக்கினம், என்ர ஃபக்ரறியிலயிருந்து நாலு பஸ் தரிப்பு. ஏழு வருசமாய் என்ர பஸ் அந்தக் கட்டிடத்தைத் தாண்டித்தான் போகுது. மூண்டாம் மாடி. மணியை அடிச்சுப்போட்டுத் திரும்பி ஓடிப்போவமோ எண்டு கூட நினைச்சன்.

கதவைத் திறந்தது ஜெனிற்றா. இப்ப ஒரு பல் வைத்தியரிட்டை உதவியாளராய் வேலை. என்னைக் கண்டிட்டு ஒதுங்கி வழி விட்டுது. எமில்டாக்கா, “வாங்கோ அண்ணை, எவ்வளவு காலம்!” எண்டு சிரிச்சுத் தேத்தண்ணி போட எழும்பினவ. நான் இருக்கக்கூட இல்லை. இருந்தால் கதை மாறிப்போகும் எண்டு பயம். நிண்ட நிலையில கொட்டிப்போட்டன்.

“அக்கா, எனக்கு மன்னிப்புக் கேக்க வேணும். அண்டைக்கு ஆரணி பேசின பேச்சில வந்த சப்பாத்துக் கதை என்ர இல்லை. ஜெனிற்றா காரில எனக்குச் சொன்னது. அதைத்தான் நான் எழுதினனான்.”

சொல்லி முடிக்கேக்கதான் ஜெனிற்றாவின்ர முகத்தைப் பார்த்தன். பிள்ளை வெளிறிப் போச்சு. “அங்கிள்!” எண்டு ஒரே ஒரு சொல்லுத்தான் சொன்னது. எனக்கு உச்சியில அடிச்ச மாதிரி விளங்கிச்சு. அம்மாவுக்குச் சொல்லிப் போடாதேங்கோ எண்டு அந்தப் பிள்ளை கேட்டது, இண்டைக்கும் அம்மாவுக்குச் சொல்லாமல்தான் வைச்சிருக்குது. மன்னிப்புக் கேக்க வந்த விசரன், தாய்க்கு முன்னால அதைப் போட்டு உடைச்சுப்போட்டன். பத்து வயசில ஒருக்கா, இருபத்தெட்டு வயசில இன்னொருக்கா. ரெண்டு தரமும் நான்!

ஜெனிற்றா தாயைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே கதைச்சுது. “அப்பா ஐடென்ரிற்றி கார்ட் எடுக்கப் போனவர் எண்டுதான் அம்மா நினைச்சுக்கொண்டிருந்தவ. அண்டைக்கு அம்மாவும் வேலைக்கு லீவு போட்டிட்டு வந்தவ. அந்த மண்டபத்தில ஆரணி சப்பாத்து எண்டு சொல்லேக்க, எல்லாரும் வாசலைப் பார்த்தினம், அம்மா என்னைப் பார்த்தவ. வீட்டை வந்து உண்மையோ எண்டு கேட்டவ. இல்லையம்மா, அது ஆரணியின்ர அப்பா சும்மா எழுதினது எண்டு சொன்னனான். அதுக்குப் பிறகு நான் அப்பாவைப் பற்றி ஒருத்தரிட்டையும் கதைக்கேல்லை அங்கிள். கதைச்சா ஆரணியின்ர பேச்சைத் திருப்பிச் சொல்லுற மாதிரி இருக்கும்.”

கைக்குட்டையை எடுக்கவும் வெக்கமாய் இருந்தது. எனக்கு அழ என்ன உரிமை இருக்கு?

எமில்டாக்கா கேத்தலை வைச்சுப்போட்டு வந்து, மகளுக்குப் பக்கத்தில இருந்தவ. “எனக்கு அண்டைக்கே தெரியும் பிள்ளை” எண்டா. “நீ இல்லை எண்டு சொன்ன விதத்திலயே தெரியும். நீ சொல்ல விரும்பேல்லை, நானும் கேக்கேல்லை.” பிறகு ஜெனிற்றாவின்ர தலையைத் தன்ர தோளில சாய்ச்சுக்கொண்டு சொன்னா, “உன்ர சப்பாத்து இல்லாட்டி அவர் மாட்டை அவிட்டு விடப் போயிருப்பார். மாடு இல்லாட்டி பக்கத்து வீட்டுக் கிழவனைக் கூட்டி வரப் போயிருப்பார். அவர் திரும்பிப் போற மனுசன். நீ அனுப்பேல்லையடி.”

அந்தப் பிள்ளை அழுதது. நான் அப்பிடியொரு அழுகையை எந்த மண்டபத்திலயும் கேக்கேல்லை. நான் பல்கனிக் கதவைத் திறந்து வெளியில போய் நிண்டன், குளிருக்க, கோட்டும் இல்லாமல்.

கனநேரத்துக்குப் பிறகு எமில்டாக்காதான் வந்து உள்ள கூப்பிட்டவ. தேத்தண்ணி தந்தவ. நான், அக்கா, ஒரு பேப்பரில எழுதப் போறன், அந்தப் பேச்சு என்ர பிள்ளையின்ர கதை இல்லை, நான் களவெடுத்தது எண்டு எழுதப் போறன், நீங்கள் சம்மதிச்சால் மட்டும் எண்டன். எமில்டாக்கா ஜெனிற்றாவைப் பார்த்தா. ஜெனிற்றா முகத்தைத் துடைச்சுக்கொண்டு, “எழுதுங்கோ. ஒண்டும் விடாமல் எழுதுங்கோ” எண்டுது.

எமில்டாக்கா கேட்டா, “அண்ணை, சப்பாத்தைப் பற்றி எல்லாரும் கதைச்சினம். எத்தினை பேர் என்னட்டை வந்து அந்தப் பேச்சைப் பற்றிச் சொல்லி அழுதவை தெரியுமோ? உங்களுக்கு அவற்ற பெயர் தெரியுமோ?”

தெரியாது. கிட்டத்தட்ட ஒரு வருசம் அந்தப் பிள்ளையைக் காரில ஏத்தி இறக்கினனான். அந்த மனுசன்ர சாவை வைச்சு ஒரு முழக் கப் வாங்கினனான். பெயரைக் கேக்க வேணும் எண்டு ஒருநாளும் எனக்குத் தோன்றேல்லை. தலையைக் குனிஞ்சுகொண்டு, “தெரியாது அக்கா. சொல்லுங்கோ” எண்டன்.

8

அண்டைக்குப் பின்னேரமே பஸ் தரிப்பில நிண்டு ஆரணிக்கு எடுத்தன். நடந்ததை எல்லாம் சொன்னன், நான் திரும்பவும் போட்டு உடைச்சதையும் ஒளிக்காமல் சொன்னன். “ஐயோ அப்பா!” எண்டாள். ஏசுவாள் எண்டு பார்த்தன், ஏசேல்லை. எமில்டாக்கா தோளில சாய்ச்ச இடம் வந்தவுடன ரெண்டாம் தரம் சொல்லச் சொன்னாள். சொன்னன்.

“எழுதப் போறன் பிள்ளை” எண்டன். “உன்ர பெயர் கெடாது. பத்து வயசுப் பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது, எல்லாம் என்ர வேலை எண்டுதான் எழுதுவன். நான் உயிரோட இருக்கிறன் எண்டு அவன் பக்கத்தில போடுறானோ இல்லையோ, எனக்கு இப்ப அது பெரிசில்லை.”

“பெயர் கேட்டீங்களா?” எண்டாள்.

“ஆற்ற?”

“ஜெனிற்றான்ர அப்பான்ர. இவ்வளவு வருசமா நான் அவரைப் பாடுறன், எனக்குப் பெயர் தெரியாது.”

“சவிரிமுத்து அமலதாஸ்” எண்டன்.

அவள் அதைச் சொல்லிப் பார்த்தாள். சவிரிமுத்து சரியாய் வரேல்லை. நிமிசத்துக்கு இருநூறு சொல்லுக் கொட்டுறவள், அந்த ஒரு பெயரில தடக்கி நிண்டாள். நான் எழுத்துக்கூட்டிச் சொன்னன். கோடு போடேல்லை, தாளம் தட்டேல்லை. பஸ் வந்து கதவு திறந்து மூடிப் போயிட்டுது.

“இன்னொருக்காச் சொல்லுங்கோ அப்பா” எண்டாள். சொன்னன்.